பந்து போடற கை

கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. இதுல கிரிக்கெட் இருக்கு, கிட்னி இருக்கு, என் சொந்தக் கதையும் கொஞ்சம் இருக்கு. நேரம் கிடைக்கும்போது படிங்க.

போன வருஷம் மே மாசம். மரக்காணத்துல சாயங்கால ஓபி. காத்தே இல்லாத வெக்கை. உப்பளத்துல வேலை பார்க்கிற ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். வயசு 66.

(அவர்கிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன். பேரு மட்டும் வேணாம்னார். அதனால பெரியவர்னே வெச்சுக்கலாம்.)

பாதம் முழுக்க வெடிப்பு. ரெண்டு கண்ணுலயும் மூக்கோரத்துல இருந்து கருவிழியை நோக்கி சதை வளர்ந்திருக்கு. வெயில்லயும் உப்போட வெள்ளை வெளிச்சத்துலயும் வருஷக்கணக்கா நிக்கிறவங்ககிட்ட இதை அடிக்கடி பார்க்கிறேன்.

"மூட்டு வலிக்கு அந்த மாத்திரை எழுதிக் கொடு சார், போதும்."

பிரஷர் பார்க்காம மாத்திரை கிடையாதுன்னேன். சிஸ்டர் அவரோட இடது கையில பட்டையைச் சுத்தப் போனாங்க. அவர் சட்டுனு கையை இழுத்துக்கிட்டார்.

"அந்தக் கையில கட்டாதம்மா. அது பந்து போடற கை."

சிஸ்டர் சிரிச்சுட்டாங்க. அவர் சிரிக்கல.

வலது கையில கட்டினோம். 148/90. அப்புறம் நான் மெதுவா எடுத்துச் சொன்னேன். முதல் தடவை பிரஷர் பார்க்கும்போது ரெண்டு கையிலயும் பார்க்கணும். எந்தக் கையில அதிகமா காட்டுதோ, அதுக்கப்புறம் எப்பவும் அந்தக் கையிலதான் பார்க்கணும். இது எனக்கும் பொருந்தும், உங்களுக்கும் பொருந்தும்.

ரொம்ப யோசிச்சு இடது கையை நீட்டினார். 156/92.

"பந்து போடற கையிலதான்யா பிரஷர் ஜாஸ்தி" அப்படின்னேன். அப்பதான் முதல் தடவையா சிரிச்சார்.

"எப்ப கடைசியா பந்து போட்டீங்க?"

"இருபது வருஷம் இருக்கும் சார்."

இருபது வருஷமா பந்தைத் தொடாத ஒரு கையை, இன்னும் பந்து போடற கைன்னு ஒருத்தர் பத்திரமா வெச்சிருக்கார். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

மரக்காணம் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். சென்னையில இருந்து பாண்டிச்சேரிக்கு ஈசிஆர்ல போறப்போ, ஒரு இடத்துல ரெண்டு பக்கமும் கட்டம் கட்டமா பாத்தி, ஓரத்துல வெள்ளை வெள்ளையா உப்புக் குவியல் தெரியும். பஸ்ல போறவங்க போன் எடுத்துப் படம் பிடிப்பாங்க. அந்த ஊர்தான்.

உவர்த் தண்ணியை ஒரு பாத்தியில விட்டு, காய வெச்சு, கெட்டியான தண்ணியை அடுத்த பாத்திக்கு மாத்தி, கடைசிப் பாத்தியில உப்பு பூத்ததும் நீளக் கம்பு வெச்ச பலகையால வாரி வரப்புல குவிப்பாங்க. வெயில் எவ்வளவு கொடுமையோ உப்பு அவ்வளவு நல்லா விளையும். ஊரே நிழல் தேடி ஓடற நேரம்தான் இவங்களுக்கு அறுவடை. நடுவுல ஒரு மழை பெஞ்சா போச்சு, பாத்தியில பூத்தது பாத்தியிலயே கரைஞ்சிடும்.

பெரியவர் அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டோட வந்தார். கிரியாட்டினின் 1.8. அவர் உடம்புக்கு அது கூடுதல். சிறுநீரகம் சிரமப்படுதுன்னு அர்த்தம்.

காரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டியதில்ல. கொளுத்தற வெயில்ல பல வருஷமா உழைப்பு. குடிக்கிற தண்ணி கம்மி. அதுக்கு மேல மெடிக்கல் ஷாப்ல அவரே கேட்டு வாங்கிப் போட்ட டைக்ளோபினாக், ஒரு நாளைக்கு ரெண்டு. கூடவே கவனிக்காத பிரஷர். இதுல ஒண்ணொண்ணுமே சிறுநீரகத்துக்கு ஆகாது. நாலும் சேர்ந்தா கேட்கவே வேணாம்.

"வேலைக்கு லீவு போடுங்க"ன்னு சொல்ல வாய் வந்துச்சு. மே மாசத்துல உப்பளத்துல லீவு போடுன்னு சொல்றது, தை மாசத்துல விவசாயிகிட்ட அறுக்காதன்னு சொல்ற மாதிரி. விழுங்கிட்டேன்.

அதுக்குப் பதிலா கேட்டேன், "எந்த டீமுக்கு ஆடினீங்க?"

அவர் கதை இது. ஸ்கூல்ல படிக்கும்போது டிரில் மாஸ்டர் ஒருத்தர் இவர் கல்லு எறியறதைப் பார்த்துட்டு கையில கார்க் பந்தைக் கொடுத்தாராம். இடது கை ஸ்பின். ஊர் ஊரா போய் டோர்னமென்ட் ஆடியிருக்கார். 1979-ல, அவருக்கு 21 வயசு இருக்கும்போது, ஒரு பெரிய டீமுக்கு ஆள் எடுக்கறாங்கன்னு கூப்பிட்டிருக்காங்க. அப்ப இந்தப் பக்கமெல்லாம் தென்னாற்காடு மாவட்டம். பக்கத்து வீட்டு அண்ணனோட வெள்ளைச் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கிட்டு பஸ் ஏறியிருக்கார்.

"பதினாறு பேர்ல எம்பேரு இருந்துச்சு சார். காலையில பதினோரு பேரைப் படிச்சாங்க. அதுல இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, ரெண்டு நாள் மேட்ச். முடிஞ்சதும் பஸ் ஏறி வந்துட்டேன். அந்த வருஷமே அப்பா தவறிட்டாரு. பாத்தியில இறங்கிட்டேன்."

இதைக் கேட்டதும் என் வாயில தானா வந்த பேர் ராஜிந்தர் கோயல்.

இளசுங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. சொல்றேன்.

ராஜிந்தர் கோயல். 1942-ல இன்னைய ஹரியானாவுல இருக்கிற நர்வானாவுல பிறந்தவர். இடது கை சுழற்பந்து வீச்சாளர். 1958-59 சீசன்ல முதல்தர கிரிக்கெட்டுக்கு வந்து, 1984-85 வரைக்கும் ஆடினார். 27 சீசன். 157 மேட்ச். 750 விக்கெட். ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன் சராசரியா 19 கூட இல்ல.

ரஞ்சி டிராபியில மட்டும் 637 விக்கெட். அதுதான் இன்னைக்கும் சாதனை. ரெண்டாவது இடத்துல இருக்கறது நம்ம சென்னைக்காரர் வெங்கட்ராகவன், 530. நூறு விக்கெட்டுக்கு மேல வித்தியாசம்.

இந்தியாவுக்காக கோயல் ஆடின டெஸ்ட்? பூஜ்யம்.

1964-65-ல இலங்கைக்கு எதிரா அகமதாபாத்ல ஒரு மேட்ச் ஆடினார். அப்ப இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடையாது, அதனால அது கணக்குல வராது.

காரணம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்: பிஷன் சிங் பேடி. அவரும் இடது கை ஸ்பின்னர். 1966 கடைசியில இந்திய டீமுக்குள்ள வந்தவர் 1979 வரைக்கும் 67 டெஸ்ட் ஆடி 266 விக்கெட் எடுத்தார். கூடவே பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன். இந்த நாலு பேரும் இருக்கிற வீட்டுல அஞ்சாவதா ஒருத்தர் திண்ணையில கூட உட்கார முடியாது.

ஆனா ஒரு தடவை கதவு திறந்துச்சு.

1974 நவம்பர். வெஸ்ட் இண்டீஸ் வந்திருக்கு. முதல் டெஸ்ட் பெங்களூர்ல. அந்த வருஷம் இங்கிலாந்து டூர்ல டிவி பேட்டி கொடுத்ததுக்காக பேடியை அந்த டெஸ்ட்டுக்கு நீக்கிட்டாங்க. அவர் இடத்துல கோயலைக் கூப்பிட்டாங்க. வயசு 32. பதினாறு வருஷமா காத்திருந்த டெலிகிராம்.

போனார். மேட்ச் அன்னைக்குக் காலையில பதினோரு பேரை அறிவிச்சாங்க. அதுல கோயல் பேர் இல்ல. பிரசன்னா, வெங்கட்ராகவன்னு ரெண்டு ஆஃப் ஸ்பின்னர் இறங்கினாங்க. கூட சந்திரசேகர். இடது கை ஸ்பின்னருக்கு இடம் இல்லாம போச்சு.

எதிர் டீம்ல அன்னைக்கு ரெண்டு பேர் முதல் டெஸ்ட் ஆடினாங்க. ஒருத்தர் கார்டன் கிரீனிட்ஜ், 93-ம் 107-ம் அடிச்சார். இன்னொருத்தர் விவியன் ரிச்சர்ட்ஸ். க்ளைவ் லாய்ட் 163. இந்தியா 267 ரன்ல தோத்துச்சு.

அடுத்த டெஸ்ட்டுக்கு பேடி திரும்பி வந்துட்டார். கதவு மூடிக்கிச்சு. அப்புறம் கோயலுக்கு அது திறக்கவே இல்ல.

மேல இருக்கிறவங்க நிலைமையும் ஒண்ணும் பிரமாதம் இல்ல, அதையும் சொல்லிடறேன். அதே தொடர்ல டெல்லி டெஸ்ட்டுக்கு கேப்டனா இருந்த வெங்கட்ராகவன், அடுத்த கல்கத்தா டெஸ்ட்ல பன்னிரண்டாவது ஆள். ஒரு மேட்ச் கேப்டன், அடுத்த மேட்ச் தண்ணி தூக்கணும். யார் உள்ள, யார் வெளியங்கறது திறமையை மட்டும் வெச்சு நடக்கிற கணக்கு இல்ல.

கோயல் மாதிரி இன்னொருத்தரும் உண்டு. பம்பாய்க்காரர் பத்மாகர் சிவால்கர். அவரும் இடது கை ஸ்பின்னர், அவருக்கும் டெஸ்ட் கிடையாது. 589 முதல்தர விக்கெட்.

சென்னையில பழைய ஆளுங்க அவரை மறக்க மாட்டாங்க. 1972-73 ரஞ்சி இறுதிப் போட்டி, நம்ம சேப்பாக்கத்துல. சுழலுக்கு ஏத்த பிட்ச். நம்ம கையில வெங்கட்ராகவனும் வி.வி.குமாரும் இருக்காங்க, பம்பாய் காலின்னு ஊரே நினைச்சுது. பம்பாய் 151-லயும் 113-லயும் சுருண்டுச்சு. நினைச்ச மாதிரிதான். ஆனா சிவால்கர் வந்தார். முதல் இன்னிங்ஸ்ல 16 ரன் கொடுத்து 8 விக்கெட். ரெண்டாவதுல 18 ரன் கொடுத்து 5. தமிழ்நாடு 80, அப்புறம் 61. மூணாவது நாள் முதல் பந்துலயே மேட்ச் முடிஞ்சு போச்சு.

எங்கப்பா அப்ப சென்னையில காலேஜ்ல படிச்சுட்டிருந்தார். மூணாவது நாளைக்கும் கட்டுச்சோத்தோட போனவர், கேலரியில உட்கார்றதுக்குள்ள எல்லாரும் எழுந்து வெளிய வந்துட்டிருந்தாங்களாம். சாகற வரைக்கும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "அந்தாளுக்கு டெஸ்ட் கிடைக்கலடா"ன்னு முடிக்கும்போது மட்டும் குரல் இறங்கும். இந்தக் கதையெல்லாம் எனக்கு வந்தது அப்படித்தான்.

இன்னும் பின்னால போனா, ஏ.ஜி.ராம் சிங். 1934 நவம்பர் 4, ரஞ்சி டிராபியோட முதல் மேட்ச், அதே சேப்பாக்கம், மெட்ராஸும் மைசூரும். ஒரே நாள்ல முடிஞ்ச மேட்ச். ராம் சிங் 35 ரன் கொடுத்து 11 விக்கெட். அவரும் இடது கைதான். அவருக்கும் டெஸ்ட் இல்ல. பிள்ளைங்க கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் இந்தியாவுக்கு ஆடினாங்க. அப்பாவுக்குத் திறக்காத கதவு பிள்ளைங்களுக்குத் திறந்துச்சு.

அமெரிக்காவுல பேஸ்பால்ல இப்படிப்பட்டவங்களுக்குன்னே ஒரு உலகம் உண்டு. பேரு மைனர் லீக். ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச சமயம் அது கொடிகட்டிப் பறந்துச்சு. 1949-ல மட்டும் 59 மைனர் லீக் நடந்துச்சு. அந்தச் சின்னச் சின்ன ஊர்கள்ல பஸ்லயே ஊர் ஊரா சுத்தி, மேல போற நாளுக்குக் காத்திருந்து, அப்படியே ரிட்டயர் ஆனவங்க ஆயிரக்கணக்குல.

அந்த உலகத்துல எனக்குப் பிடிச்சவர் கொஞ்சம் முந்தைய காலத்து ஆள். ஆர்ச்சிபால்ட் கிரஹாம். எல்லாரும் 'மூன்லைட்' கிரஹாம்னு கூப்பிடுவாங்க. 1905 ஜூன் 29 அன்னைக்கு நியூயார்க் ஜயன்ட்ஸுக்காக மேஜர் லீக்ல ஒரே ஒரு மேட்ச். அதுலயும் பேட் பிடிக்கிற முறை வர்றதுக்குள்ள மேட்ச் முடிஞ்சு போச்சு. திரும்பவும் மைனர் லீக். அப்புறம் மட்டையை வெச்சுட்டு டாக்டர் ஆயிட்டார்.

மினசோட்டாவுல சிஸ்ஹோம்னு ஒரு இரும்புச் சுரங்க ஊர். 1909-ல அங்க போனவர், 1965-ல சாகற வரைக்கும் அந்த ஊர்லயே இருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு டாக்டர். அந்தப் பிள்ளைங்களுக்கு வருஷக்கணக்கா பிரஷர் பார்த்து எழுதி வெச்சு, 1945-ல ஆய்வுக் கட்டுரையா வெளியிட்டார். பிள்ளைங்களோட ரத்த அழுத்தத்தைப் பத்தி யாரும் பெருசா யோசிக்காத காலம் அது.

சுரங்க ஊர்ல பிரஷர் பார்த்த டாக்டரை எனக்கு ஏன் பிடிக்குதுன்னு உங்களுக்கே புரிஞ்சிருக்கும்.

சரி, என் கதைக்கு வர்றேன். சுருக்கமா.

நான் எம்பிபிஎஸ் முடிச்சுட்டு பிஜி என்ட்ரன்ஸ் எழுதினேன். பொது மருத்துவம் படிக்கணும்னு ஆசை. கவுன்சிலிங் ஹால்ல பெரிய திரையில மீதி இருக்கிற சீட் எண்ணிக்கை ஓடிட்டே இருக்கும். எனக்கு முன்னாடி மூணு பேர் இருக்கும்போது, பொது மருத்துவத்துக்கு நேரா இருந்த ஒண்ணு பூஜ்யம் ஆச்சு. அந்த ஒண்ணு பூஜ்யமா மாறின நொடி இன்னும் கண்ணுல இருக்கு. அதுக்கப்புறம் ரெண்டு தடவை எழுதினேன். கிட்டயே வரல. விட்டுட்டேன்.

கல்யாண வீட்டுல சொந்தக்காரங்க கேட்பாங்க, "வெறும் எம்பிபிஎஸ் தானா?" வெறும். நம்ம ஊர்ல மட்டும்தான் அஞ்சரை வருஷப் படிப்புக்கு முன்னாடி இந்த 'வெறும்' வந்து உட்காரும்.

அதனால கோயல் கதையை நான் எப்பவும் ஒரே மாதிரிதான் சொல்லுவேன். பெங்களூர்ல அன்னைக்குக் காலையில வந்து நிறுத்திடுவேன். பதினோரு பேரைப் படிச்சாங்க, அவர் பேர் இல்ல, முற்றும். கேட்கிறவங்க 'த்சு' கொட்டுவாங்க. அந்த 'த்சு'வுல பாதி எனக்குன்னு நான் எடுத்துக்குவேன்.

பெரியவர்கிட்டயும் அப்படித்தான் சொல்லி நிறுத்தினேன். அவர் 'த்சு' கொட்டல.

"அப்புறம் எத்தினி வருஷம் போட்டாரு?"

"யாரு?"

"அந்த கோயலு. பெங்களூருக்கு அப்புறம்."

மனசுல கணக்குப் போட்டேன். 1974-ல இருந்து 85 வரைக்கும். "பத்து வருஷத்துக்கு மேல."

"விக்கெட்டு?"

"வருஷா வருஷம் எடுத்தார். கடைசி சீசன் வரைக்கும்."

"அப்ப இன்னா சார். போட்டாரு இல்ல?"

எனக்குப் பதில் வரல. கோயல் ஆடினது 27 சீசன். நான் அவரை ஒரு காலைப் பொழுதுக்குள்ள அடைச்சு வெச்சிருந்தேன்.

பெங்களூர்ல இருந்து ஊர் திரும்பின மனுஷன் ரோத்தக்லயும் மத்த ஊர்கள்லயும், கூட்டமே இல்லாத மைதானங்கள்ல, திரும்பவும் அதே ரன் அப், அதே லெங்த். பேடி மாதிரி பந்தைத் தூக்கிப் போட்டு ஆசை காட்டற ரகம் இல்ல அவர். கொஞ்சம் வேகமா, தட்டையா, ஒரே இடத்துல, நாள் பூரா. கபில்தேவ் சின்னப் பையனா ஹரியானா டீமுக்குள்ள வந்தப்போ அங்க முதுகெலும்பா இருந்தது கோயல்தான்.

எதிர்ல நின்னவங்களுக்கு அவர் யாருன்னு தெரிஞ்சிருந்துச்சு. சுனில் கவாஸ்கர் தன்னோட ஆதர்சங்களைப் பத்தி 1983-ல ஒரு புத்தகம் எழுதினார். உலகத்துப் பெரிய பெரிய ஆட்டக்காரங்களுக்கு நடுவுல, ஒரு டெஸ்ட் கூட ஆடாத ரெண்டு பேருக்கு அதுல இடம் கொடுத்தார். கோயலும் சிவால்கரும்.

கோப்பை கூட அவருக்கு வாய்க்கல. அவர் ஆடின எந்த டீமும் அவர் இருந்தப்போ ரஞ்சி ஜெயிக்கல. ஹரியானா ஜெயிச்சது 1990-91-ல, பம்பாயை வெறும் ரெண்டே ரன்ல. அதுக்கு ஆறு வருஷம் முன்னாடியே அவர் ஓய்வு எடுத்துட்டார்.

பேடி தன்னைவிடப் பெரிய பவுலர்னு கோயலே பேட்டிகள்ல சொல்லியிருக்கார். யாரையும் திட்டினதில்ல. 2017 மார்ச்ல இந்திய கிரிக்கெட் வாரியம் சி.கே.நாயுடு வாழ்நாள் சாதனையாளர் விருதை கோயலுக்கும் சிவால்கருக்கும் கொடுத்துச்சு. விழா நடந்த ஊர் பெங்களூர். நாற்பத்திரண்டு வருஷம் கழிச்சு அந்த ஊர்ல அவர் பேரைப் படிச்சாங்க. 2020 ஜூன்ல ரோத்தக்ல காலமானார். சிவால்கர் 2025 மார்ச்ல போய்ச் சேர்ந்தார்.

இங்க ஒண்ணைத் தெளிவா சொல்லிடணும். இதைப் படிச்சுட்டு "ஆஹா, கிடைக்காட்டி என்ன, உழைச்சா போதும்"னு யாரும் முடிச்சுடாதீங்க. கோயலுக்கு நடந்தது அநியாயம்தான். 637 விக்கெட்டுக்கு ஒரே ஒரு டெஸ்ட் கொடுத்திருக்கலாம்.

அவருக்காவது 157 மேட்ச் இருந்துச்சு. எண்ணி வைக்க விக்கெட் இருந்துச்சு. நம்ம பெரியவருக்கு அப்படி ஒரு நோட்டுப் புத்தகம் கூட இல்ல. 45 வருஷமா அவர் வாரின உப்பு எத்தனை டன்னுன்னு யாரும் எழுதி வைக்கல. அந்த உப்பு உங்க வீட்டுக் குழம்புலயும் இருந்திருக்கலாம். அதுக்கு ஆவரேஜ் கிடையாது, விருது கிடையாது. கிரியாட்டினின் மட்டும் இருக்கு.

அவர் கிளம்பறப்போ வாசல்ல நின்னு இன்னொரு கேள்வி கேட்டார்.

"அந்த அஞ்சு நாளும் கோயலு இன்னா பண்ணியிருப்பாரு சார்?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவரே சொன்னார். "தண்ணி தூக்கியிருப்பாரு. நான் தூக்கினேன். ரெண்டு நாளும். நல்ல வெயிலு. உள்ள ஆடினவனுக்கெல்லாம் தாகம் எடுத்தா எங்கையப் பாப்பான்."

எனக்கு அப்பதான் பொறி தட்டுச்சு.

"பெரியவரே, பாத்தியில உங்களுக்கு யார் தண்ணி கொண்டு வர்றாங்க?"

"யாரு வருவா? காலையில ஒரு பாட்டிலு. தீந்துட்டா அவ்ளோதான். வூட்டுக்காரி அதுவும் குடிக்க மாட்டா. ஒதுங்க எடம் இல்ல பாரு."

இதை நல்லா கேட்டுக்கங்க மக்களே. உப்பளத்துப் பெண்கள்ல நிறைய பேர் தண்ணி குடிக்காம இருக்கிறது தாகம் இல்லாததால இல்ல. கழிப்பறை இல்ல. குடிச்சா எங்க போறது? அந்த ஒரு காரணத்துக்காக நாள் முழுக்க நாக்கு வறண்டு நின்னு, நீர்க்கடுப்போடயும் நீர்த்தொற்றோடயும் என் ஓபிக்கு வர்றாங்க. ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுக்க எனக்குத் தெரியும். கழிப்பறையை சீட்டுல எழுத முடியாது. அதை யார் கட்டணுமோ அவங்க கட்டணும்.

அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் ஒரு ஒப்பந்தம் போட்டோம்.

ஒண்ணு, டைக்ளோபினாக் இனிமே கிடையாது. முட்டி வலிக்கு பாரசிட்டமால், வெந்நீர் ஒத்தடம், தொடைத் தசைக்கு ரெண்டு பயிற்சி.

ரெண்டு, பிரஷர் மாத்திரை தினமும். "இன்னைக்கு நல்லாதானே இருக்கேன்"னு நிறுத்தக் கூடாது.

மூணு, விடியறதுக்கு முன்னாடி இறங்கி, வெயில் உச்சிக்கு வர்றதுக்குள்ள கரையேறணும். மிச்ச வேலை சாயங்காலம். இதை மேஸ்திரிகிட்ட பேசிப் பார்க்கிறேன்னார்.

நாலு, தண்ணி. அரை மணிக்கு ஒரு தடவை, தாகம் எடுக்குதோ இல்லையோ, ஒரு டம்ளர். தாகம் சொல்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. வேர்வையில உப்பு போகுதுன்னு தண்ணியில தனியா உப்பைக் கரைச்சுக் குடிக்கவும் வேணாம். பிரஷர் இருக்கிற உடம்பு, கஞ்சியிலயும் மோர்லயும் போற உப்பே போதும்.

(கவனம்: இது அவர் உடம்புக்கு நான் சொன்னது. சிறுநீரகம் ரொம்ப பழுதானவங்களுக்கும் இதயம் பலவீனமானவங்களுக்கும் தண்ணி அளவு வேற. உங்க டாக்டரைக் கேட்டுக்கங்க.)

ஒரு மாசம் கழிச்சு வந்தார். கிரியாட்டினின் 1.5. முழுசா சரியாகல. சரியாகவும் ஆகாது, போனதுல கொஞ்சம் போனதுதான். ஆனா கீழ இறங்கியிருக்கு. நெஃப்ராலஜி டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டவும் சொல்லி அனுப்பினேன்; ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டு இதே மருந்தைத் தொடரச் சொல்லிட்டார்.

நாற்காலியில உட்கார்ந்ததும், நான் கேட்காமலே இடது கையை மேசை மேல நீட்டினார். 138/84.

பட்டையைக் கழட்டினதும் சிஸ்டர் கையில இருந்த ரப்பர் பல்பை வாங்கி, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அகட்டி வெச்சுப் பிடிச்சுக் காட்டினார். விரலெல்லாம் வெடிச்சுக் காய்ச்சுப் போயிருக்கு. ஆனா மணிக்கட்டு அப்படியே பூ மாதிரி திரும்புச்சு. "இப்படி விட்டா உள்ள வரும் சார். இப்படி விட்டா நேரா போவும். பேட்ஸ்மேனுக்கு ரெண்டும் ஒண்ணாதான் தெரியும்."

அன்னைக்கு ஓபி முடிய ராத்திரி ஒன்பதே முக்கால். நாற்பத்தெட்டு பேர். காய்ச்சல், சர்க்கரை, கால் புண்ணு, ஒரு தேள்கடி. கடைசி ஆளை அனுப்பிட்டு விளக்கை அணைக்கும்போதுதான் தோணுச்சு, அந்த கவுன்சிலிங் ஹால் திரை அன்னைக்கு முழுக்க ஞாபகத்துக்கே வரல.

சில நாள்ல திரும்பவும் வரும், தெரியும். வரட்டும்.

போன வாரம் ஈசிஆர்ல பைக்ல போயிட்டிருந்தேன். காலை ஆறரை மணி. பாத்தி வரப்புல பெரியவரும் அவர் வீட்டம்மாவும் நடந்து வந்துட்டிருந்தாங்க. அவர் வலது தோள்ல பலகை. இடது கையில ரெண்டு பெரிய பாட்டில், ஈரத் துணி சுத்தினது.

வண்டியை நிறுத்தினதும் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்.

"இப்ப எனக்கு நானே தண்ணி தூக்கறேன் சார்!"

உங்க வீட்டுல வெயில்ல வேலை பார்க்கிறவங்க யாராவது இருந்தா, ரெண்டு விஷயம் மட்டும் செய்ங்க. அவங்க வலி மாத்திரை டப்பாவை ஒரு தடவை திறந்து பாருங்க. ரெண்டு கையிலயும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்க.

பந்து போடற கையா இருந்தாலும் பரவாயில்ல.